சம்பளச் சீட்டில் ‘கொழும்பு’ உடைகிறது: மூன்று மொழியிலும் ஒழுங்காகப் பிடிஎஃப் எடுப்பது எப்படி?

1. கடலோரரயில் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கம்பஸ் முடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது, அதனால் அடிப்படையிலேயே பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு வாடிக்கையாளருக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். அவர்களிடம் 1,400 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், சாரதிகள். மாத முடிவில் ஒவ்வொருவருடைய சம்பளச் சீட்டும் அவரவர் மொழியில், பிடிஎஃப் ஆக, அவரவர் கைத்தொலைபேசிக்குப் போக வேண்டும். சேர்வரில் பிஎச்பி மொழி, அதன் மேல் லாராவெல் சட்டகம். பிடிஎஃப் எடுக்க டொம்பிடிஎஃப் லைப்ரரியைப் போட்டேன். ஆங்கிலச் சீட்டு முதல் நாளே சரிவந்தது.

தமிழில் முதலில் எல்லா இடத்திலும் கேள்விக்குறி. எழுத்துரு இல்லை என்று விளங்கியது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றினேன், எழுத்து வந்தது. ஆனால் முகவரி வரியில் ‘கொழும்பு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் முதலில் க தனியாக நிற்கிறது. அதற்குப் பிறகு கொம்பும் காலும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ழ வுக்குப் பக்கத்தில் உகரக் குறி தனியாக விழுந்து கிடக்கிறது, பு வும் அப்படியே. என் கணினியின் பிரவுசரில் அதே எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால் அழகாக இருக்கிறது.

எழுத்துருவை மாற்றி மாற்றி மூன்று நாள் போய்விட்டது. 25 ஆம் திகதி முதல் தொகுதி போக வேண்டும். எங்கே பிழை விடுகிறேன்?

2. அச்சுக்கூடம் | செவ்வாய், இரவு 10.25

தங்கச்சி, எழுத்துருவை மாற்றுவதை நிறுத்துங்கள். பிழை அங்கே இல்லை. நான் கொட்டாஞ்சேனையில் அச்சகத்தில் வளர்ந்தவன், பிறகு கணினிப் பக்கம் வந்தவன். இந்த ஒரே பிரச்சினையை நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பிடிஎஃப் கோப்பை அடோபி வெளியிட்டது 1993 இல். 2008 இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற சர்வதேசத் தரமானது. அதன் நோக்கம் ஒன்றே ஒன்று: தாள் எந்த இயந்திரத்திலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். அதனால் அதன் உள்ளே பந்தி, சொல் என்று எதுவும் கட்டாயமில்லை. ‘இந்த எழுத்துருவில் இத்தனையாம் இலக்க வடிவத்தை எடு, தாளின் இந்தப் புள்ளியில் வை’ என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். ஏ4 தாள் என்றால் அகலம் 595 புள்ளி, உயரம் 842 புள்ளி. 72 புள்ளி ஓர் அங்குலம். அளவு தொடங்குவது கீழ் இடது மூலையிலிருந்து. ஆதியில் எல்லாப் பிடிஎஃப் செயலிகளும் வைத்திருக்க வேண்டும் என்று சொன்ன 14 எழுத்துருக்களில் தமிழ் ஒன்றுகூட இல்லை. நீங்கள் பார்த்த கேள்விக்குறி அதனால் வந்தது.

இப்போது உடைந்த எழுத்துக்கு வருவோம். ‘கொழும்பு’ என்று நீங்கள் எழுதும்போது கணினியின் நினைவகத்தில் இருப்பது எட்டுக் குறியீடு: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. எட்டை நான்காக்கும் வேலையை யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பைக் க வுக்கு முன்னால் தூக்கி வைப்பது, ழ வையும் உகரத்தையும் சேர்த்து ‘ழு’ என்ற ஒரே வடிவமாக மாற்றுவது, புள்ளியை ம வின் தலையில் சரியான இடத்தில் உட்கார வைப்பது. இதற்கான விதிகள் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த அட்டவணையை வாசித்து நடைமுறைப்படுத்தும் மென்பொருளை வடிவமைப்பு இயந்திரம் என்பார்கள். க்ரோம், ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரேஒஃபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் ஹார்ஃப்பஸ் என்ற ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் உங்கள் பிரவுசரில் அழகாக இருக்கிறது.

டொம்பிடிஎஃப் அந்த அட்டவணையைத் திறந்து பார்ப்பதில்லை. எட்டுக் குறியீட்டுக்கும் எட்டு வடிவத்தை எடுத்து வரிசையாக அடுக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்குப் போதாது.

இதனால்தான் எந்த லைப்ரரியைத் தொடுவதற்கு முன்னும் நான் ‘கொழும்பு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுப் பார்ப்பேன். முன்னால் போகும் கொம்பு, சேர்ந்து மாறும் உகரம், மேலே ஏறும் புள்ளி மூன்றும் அந்த நான்கு எழுத்துக்குள்ளேயே இருக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லைப் போட்டுச் சோதித்துவிட்டுச் சரி என்று போகிறவர்கள் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள், அதில் உகரமும் இல்லை, கொம்பும் இல்லை.

3. பின்னூசி | செவ்வாய், இரவு 10.50

நான் முன்பக்க வேலை செய்கிறவன். சுலபமான வழி ஒன்று இருக்கிறதே. பிரவுசரில்தானே சரியாகத் தெரிகிறது? அங்கேயே எச்டிஎம்எல்டுகான்வாஸ் போட்டுப் படமாக எடுத்து, ஜேஎஸ்பிடிஎஃப் கொண்டு அந்தப் படத்தை ஏ4 தாளில் ஒட்டிவிடுங்கள். எழுத்து உடையவே உடையாது. சேர்வருக்கும் வேலை இல்லை. நாங்கள் பற்றுச்சீட்டுக்கு இப்படித்தான் செய்கிறோம்.

4. கணக்குப்பிள்ளை | புதன், காலை 7.15

எனக்குக் கோட் தெரியாது, இந்தச் சீட்டுகள் வந்து சேரும் மேசையில் இருப்பவன். அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன், மகள்.

படமாக ஒட்டிய பிடிஎஃப் எங்களுக்கும் வருகிறது. ஒரு பணியாளர் வந்து ‘மூன்று மாதமாக என் சேமலாப நிதி பிழையாக வெட்டப்பட்டிருக்கிறது’ என்று சொன்னால் பழைய சீட்டுகளைத் தேட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குப் பணியாளரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 வீதம். இந்த மூன்று எண்ணையும் பல மாதத்துக்குச் சரிபார்க்க வேண்டும். எழுத்தாக இருந்தால் பெயரை அடித்தவுடன் வந்து நிற்கும், தொகையைக் கொப்பி பண்ணி எக்செலில் போடலாம். படம் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஒரு எண் மாறினால் ஒருவருடைய ஓய்வுக்காலப் பணத்தில் கை வைத்த மாதிரி.

இன்னொன்று, படமாக வந்தால் கோப்புப் பெரிது. காவலாளி ஒருவர் டேட்டா கார்ட் போட்டுத்தான் அதை இறக்குகிறார்.

5. பின்னூசி | புதன், காலை 8.05

ஐயா சொல்வது சரி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஏ4 தாள் பிரவுசரில் 794 க்கு 1,123 பிக்சல். தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நாங்கள் இரண்டு மடங்காக எடுக்கிறோம், ஆகவே ஒரு பக்கமே கனமான படமாகிவிடுகிறது. கண் தெரியாத ஒருவரின் திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஒரு சொல்லும் இல்லை.

ஜேஎஸ்பிடிஎஃபில் எழுத்தாகவே எழுதப் பார்த்தேன், தமிழ் அங்கேயும் உடைகிறது. பிடிஎஃப்மேக் கொஞ்சம் வேறு. அதன் அடியில் இருப்பது பிடிஎஃப்கிட், அதற்கும் அடியில் ஃபொன்ட்கிட். ஃபொன்ட்கிட் எழுத்துருவின் அட்டவணையை வாசிக்கிறது. ஆனால் நீங்கள் போடும் எழுத்துருவோடு சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஆள் முன்னால் இருந்து ஒன்றிரண்டு தாள் எடுக்கிற வேலை என்றால் பிரவுசரின் அச்சிடும் கட்டளையே போதும், அச்சுக்கான சிஎஸ்எஸ் எழுதி ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்று கொடுக்கலாம். 1,400 சீட்டுக்கு யாரும் 1,400 தரம் அமத்தப் போவதில்லை, ஆகவே உங்களுக்குச் சேர்வர்தான்.

6. மூன்றாம்மாடி | புதன், பகல் 12.30

அப்படியென்றால் பிரவுசரையே சேர்வரில் ஓடவிடுங்கள். க்ரோம் 59 இலிருந்து, அதாவது 2017 இலிருந்து, திரை இல்லாமலே க்ரோமை ஓட்டலாம். அதை இயக்கப் பப்பெட்டியர் இருக்கிறது, பிளேரைட் இருக்கிறது. உங்களுடையது லாராவெல் என்பதால் பிரவுசர்ஷொட் என்ற பொதி வசதி, அது பப்பெட்டியரை உள்ளே வைத்துக்கொண்டு பிஎச்பியிலிருந்து கூப்பிட விடுகிறது. நீங்கள் ஏற்கனவே எழுதிய எச்டிஎம்எல் வீணாகாது.

கூகுளில் தேடினால் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் என்ற கருவி பற்றி நிறைய விடை வரும். அதைத் தொட வேண்டாம். அதன் கோட் களஞ்சியத்தை 2023 இல் பூட்டிவிட்டார்கள், உள்ளே இருப்பது வெப்கிட் என்ற பிரவுசர் இயந்திரத்தின் மிகப் பழைய பதிப்பு.

சேர்வரில் இரண்டு இடத்தில் தடுக்கும்.

ஒன்று, எழுத்துரு. உங்கள் விண்டோஸ் மடிக்கணினியில் நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது, அதில் தமிழும் சிங்களமும் உண்டு. சேர்வரில் மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் லினக்ஸ் டொக்கர் பெட்டியில் ஒன்றுமே இல்லை, வெறும் கட்டங்கள்தான் வரும். நோட்டோ தமிழையும் நோட்டோ சிங்களத்தையும் பெட்டிக்குள் நிறுவுங்கள். அவை திறந்த உரிமம், காசு இல்லை. கூகுளின் தளத்திலிருந்து ஓடும்போது இறக்கும்படி விட வேண்டாம். ஒரு நாள் இணையம் மெதுவானால் எழுத்துரு வந்து சேர்வதற்குள் பிடிஎஃப் எடுத்து முடிந்துவிடும்.

மற்றது, டொக்கர் தன் பெட்டிக்குக் கொடுக்கும் பகிர்வு நினைவகம் சாதாரணமாக 64 எம்பி. க்ரோமுக்கு அது போதாது, நடுவில் செத்துப்போகும், ஏன் என்று சொல்லவும் மாட்டாது. அந்த அளவைக் கூட்டுங்கள், அல்லது அதைப் பயன்படுத்தாதே என்ற தொடக்கக் கட்டளையைக் க்ரோமுக்குக் கொடுங்கள்.

7. கடலோரரயில் | வியாழன், மாலை 6.10

வந்துவிட்டது! ‘கொழும்பு’ முழுதாக, கொம்பு க வுக்கு முன்னால். ஒஃபிஸில் பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் ஒரு சீட்டுக்கு 2 செக்கன் எடுக்கிறது. 1,400 க்கு முக்கால் மணித்தியாலம். 300 ஐத் தாண்டியதும் சேர்வர் மூச்சுத் திணறுகிறது. பார்த்தால் முடிந்துபோன க்ரோம்களில் பல இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு யோசனை வந்தது: எல்லாருடைய சீட்டையும் ஒரே நீளமான எச்டிஎம்எல் ஆக்கி, 1,400 பக்கப் பிடிஎஃப் ஒன்றாக எடுத்து, பிறகு பக்கம் பக்கமாக வெட்டினால் என்ன? க்யூபிடிஎஃப் அதைச் சில செக்கனில் செய்துவிடுகிறது.

8. மூன்றாம்மாடி | வியாழன், இரவு 8.45

வெட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒருவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வரிகள் கூடி, அவருடைய சீட்டு இரண்டு பக்கமாகிவிட்டது என்று வையுங்கள். அவருக்குப் பிறகு வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் பக்கத்து ஆளின் சம்பளம் போகும். இதைவிட மோசமாக ஒரு சம்பள மென்பொருள் பிழைவிட முடியாது. ஒரு ஆள், ஒரு கோப்பு. அதை மாற்ற வேண்டாம்.

வேகம் போவது க்ரோமைத் திறப்பதில். ஒவ்வொரு சீட்டுக்கும் புதிதாகத் திறந்து மூடுகிறீர்கள். ஒரே க்ரோமைத் திறந்து வைத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் அதற்குள் ஒரு புதிய தாவலைத் திறவுங்கள். பிடிஎஃப் எடுத்ததும், பிழை வந்தாலும் வராவிட்டாலும், தாவலை மூடுங்கள். 200 சீட்டுக்கு ஒருமுறை க்ரோமை முழுதாக மூடித் திறந்தால் நினைவகம் வீங்காது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு தாவலுக்கு மேல் வேண்டாம், மிச்சம் வரிசையில் நிற்கட்டும். பிரவுசர்ஷொட் சாதாரணமாக ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் திறக்கும். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் நோட்ஜேஎஸ் இல் சின்னச் சேவையாக எழுதி, லாராவெலிலிருந்து அதற்கு வேலை கொடுப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியாளரின் பெயர், முகவரி இவற்றை எச்டிஎம்எல்லில் அப்படியே ஒட்டுகிறீர்களா? உங்கள் சேர்வருக்குள் இப்போது ஒரு முழுப் பிரவுசர் இருக்கிறது. யாராவது பெயர் இடத்தில் ஒரு குறிச்சொல்லை எழுதிவைத்தால், அந்தப் பிரவுசர் உங்கள் வலையமைப்பின் உள்ளே நின்றுகொண்டு அது சொல்லும் முகவரியைத் திறக்கும். சேர்வரின் உள்ளக முகவரிகள், கிளவுட் திறவுகோல்கள் வரை எட்டலாம். எல்லாத் தரவையும் குறிச்சொல்லாக ஓடாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும்படி மாற்றி ஒட்டுங்கள், ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடுங்கள், வெளியே போகும் கோரிக்கைகளைத் தடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டுக்கு இணையம் தேவையில்லை.

9. தறிநூல் | வியாழன், இரவு 9.30

க்ரோம் வேண்டாம் என்பவர்களுக்கு: பைதனில் வீசிபிரின்ட் என்ற லைப்ரரி இருக்கிறது. அது பாங்கோ வழியாக ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது, தமிழும் சிங்களமும் உடையாது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, சீட்டுக்கு அது தேவையும் இல்லை. பக்க இலக்கம், பக்கத் தலைப்பு எல்லாம் சிஎஸ்எஸ் கொண்டே வரும், நீண்டகாலம் சேமித்து வைப்பதற்கான பிடிஎஃப்/ஏ வகையாகவும் எடுக்கலாம். நான் கல்வி நிலையம் ஒன்றின் சான்றிதழ்களை இதில்தான் எடுக்கிறேன், 2 ஜிபி நினைவகம் உள்ள சேர்வர் போதுமாக இருக்கிறது. குறை என்றால், நீண்ட அட்டவணையில் மெதுவாகிறது. எச்டிஎம்எல் இல்லாமல் நேராக வரைய வேண்டுமென்றால் எஃப்பிடிஎஃப்2 வில் எழுத்து வடிவமைப்பை இயக்க ஒரு கட்டளை இருக்கிறது. அது இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்காமல் தமிழ் எழுதினால் மறுபடி உடைந்த கொழும்புதான்.

பிஎச்பியை விட்டு வர மனமில்லையா, எம்பிடிஎஃப் பாருங்கள். எழுத்துருவைப் பதிவுசெய்யும் இடத்தில் யூஸ்ஓடிஎல் என்ற அமைப்பை இயக்கினால் அது எழுத்துரு அட்டவணையை வாசிக்கும்.

10. அச்சுக்கூடம் | வெள்ளி, காலை 6.50

க்ரோமோ வீசிபிரின்டோ, இரண்டும் நல்ல வழிதான். கடலோரரயில் க்ரோமில் வெகுதூரம் வந்துவிட்டார், அங்கேயே நிற்கட்டும். எனக்கு வேறு ஒரு கவலை.

தங்கச்சி, அந்தப் பிடிஎஃபைத் திறந்து முகவரியை மௌசால் தெரிந்து, கொப்பி பண்ணி, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘கொழும்பு’ என்று வருகிறதா, ‘ெகாழும்பு’ என்று வருகிறதா? இரண்டாவது மாதிரி வந்தால் உங்கள் சீட்டு பார்க்க மட்டும்தான் தமிழ்.

ஏன் இப்படி? முன்பே சொன்னேன், பிடிஎஃபுக்குள் வடிவங்கள்தான். கொம்பு முதலில் வரையப்படுகிறது, பிறகு க, பிறகு கால். வாசிக்கும் செயலி அந்த வரிசையிலேயே எழுத்தாக்கினால் கொம்பு சொல்லின் தலையில் ஏறிவிடும். ‘ழு’ ஒரே வடிவம், அதிலிருந்து ழ வும் உகரமும் என்று திரும்பப் பிரிக்க ஒரு அகராதி பிடிஎஃபுக்குள் இருக்க வேண்டும். அகராதி மட்டும் இருந்தால் ‘ழு’ சரியாகும், இடம் மாறிய கொம்பு சரியாகாது. அதற்குப் பிடிஎஃபில் அக்சுவல்டெக்ஸ்ட் என்ற குறிப்பு உண்டு: ‘இந்த மூன்று வடிவமும் சேர்ந்து கொ’ என்று எழுதிவைப்பது. க்ரோம் அதை எழுதுகிறது. அதைப் படிக்கும் செயலிகளும் இருக்கின்றன, படிக்காதவையும் இருக்கின்றன. ஆகவே ஒன்றில் பார்த்துவிட்டு நிற்காமல் அக்ரோபட், க்ரோம், ஒரு கைத்தொலைபேசி மூன்றிலும் பாருங்கள்.

இந்தச் சோதனையைத் தானாக ஓட வையுங்கள். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்ற சின்னக் கருவி பொப்லர் பொதியோடு வரும். ஒவ்வொரு முறை கோட் மாறும்போதும் ஒரு சோதனைச் சீட்டை எடுத்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்து, ‘கொழும்பு’ உள்ளே இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லாவிட்டால் நிறுத்தட்டும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒன்று. உங்கள் பணியாளர் முகவரிகள் எங்கிருந்து வந்தன? பழைய கோப்புகளிலிருந்து என்றால் அவை ஒரு காலத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். பாமினியில் இருந்தது தமிழ்க் குறியீடு இல்லை, ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. ள வுக்கு ஒரு விசை. ஔகாரக் குறியின் வலது பக்கத்துக்கும் அதே விசை. இப்போது ‘வெள்’ என்று அடிக்கிறீர்கள்: கொம்பு, வ, ள, புள்ளி. மாற்றும் மென்பொருள் முதல் மூன்றையும் பார்த்து ‘வௌ’ என்று எடுத்துக்கொள்கிறது, மிஞ்சிய புள்ளியை அதன் மேல் போடுகிறது. ‘வெள்ளவத்தை’ ‘வௌ்ளவத்தை’ ஆகிவிட்டது. கண்ணுக்கு அநேகமாக ஒரே மாதிரி. தேடினால் கிடைக்காது. எத்தனையோ செய்தித் தளங்களில் ‘வௌ்ளை’, ‘வௌ்ளம்’ என்று இன்றும் கிடக்கிறது.

யுனிகோட் ஒழுங்காக்கல், என்எஃப்சி என்பார்கள், கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருந்தால் ஒரே ஒகரக் குறியாகச் சேர்த்துவிடும். அதைக் கட்டாயம் ஓட்டுங்கள். ஆனால் இந்த ஔகாரப் பிழையை அது தொடாது. அதற்கு நீங்களே ஒரு விதி எழுத வேண்டும்: ஔகாரக் குறியை அடுத்துப் புள்ளி வந்தால் அது பிழை, எகரக் குறியும் ள வும் புள்ளியுமாக மாற்று. தமிழில் ஔகாரத்துக்கு மேல் புள்ளி வரவே வராது, ஆகவே இந்த விதி நல்ல சொல் எதையும் கெடுக்காது. ‘ஸ்ரீ’ யையும் பாருங்கள். அதை ஸ வில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் யுனிகோடில் சேர்ந்த ஶ வில் தொடங்கியும் எழுதலாம். தாளில் ஒரே வடிவம், தேடலில் இரண்டு சொல்.

11. கடலோரரயில் | வெள்ளி, இரவு 8.20

அண்ணா, நூற்றுக்கும் மேல் முகவரியில் ‘வௌ்’ இருந்தது. நான் தினமும் இறங்குகிற ஸ்டேசனின் பெயர், பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

விதியைப் போட்டுத் திருத்திவிட்டேன். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் சோதனையும் ஓடுகிறது, கொழும்பு முழுதாக வருகிறது.

இப்போது இரண்டு பிரச்சினை மிச்சம். ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் ஈபிஎஃப், ஈடிஎஃப் என்று முடிந்துவிடும் நிரல், தமிழில் ‘ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்’ என்று நீள்கிறது. முன்பு இருந்த ஒருவர் நீளமான சொற்களை 20 குறியீட்டுக்கு மேல் வெட்டும்படி கோட் எழுதிவைத்திருக்கிறார். அது சில இடத்தில் எழுத்தின் நடுவில் வெட்டி, வெறும் கொம்பும் புள்ளிவட்டமுமாக வருகிறது. மற்றது சிங்களம். எங்கள் ஒஃபிஸ் நண்பர் பார்த்துவிட்டு நாட்டின் பெயரில் வரும் ஸ்ரீ பிழை என்கிறார். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், எழுத்தில் அவ்வளவு நுணுக்கம் தெரியாது.

12. தறிநூல் | வெள்ளி, இரவு 9.15

சிங்களத்துக்கு முதலில். அவர்களுடைய ஸ்ரீ யில் இரண்டு எழுத்தை ஒட்டவைக்க, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியீடு நடுவில் இருக்கும். அகலம் பூச்சியம். உங்கள் உள்ளீட்டைச் சுத்தப்படுத்தும் கோட் ‘தெரியாத குறியீடுகளை நீக்கு’ என்று அதையும் நீக்கியிருக்கும். நீக்கினால் ஒட்டு விட்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும். எழுத்துருவில் பிழை இல்லை, தரவைச் சுத்தம் பண்ணுகிற இடத்தைப் பாருங்கள்.

வெட்டுவதற்கு: பிஎச்பியில் எஸ்டிஆர்லென் ‘கொழும்பு’ வுக்கு 24 என்று சொல்லும், அது பைட் கணக்கு. எம்பி எஸ்டிஆர்லென் 8 என்று சொல்லும், அது குறியீட்டுக் கணக்கு. கிராஃபீம் எஸ்டிஆர்லென்தான் 4 என்று சொல்லும். வெட்டுவதானால் கிராஃபீம் குடும்பத்துக் கட்டளைகளால் மட்டும் வெட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இன்டல் செக்மென்டர்.

13. அச்சுக்கூடம் | வெள்ளி, இரவு 9.40

என் கருத்து, வெட்டவே வேண்டாம். ஒருவருடைய பணம் எந்த நிதிக்குப் போகிறது என்ற பெயரை அரைகுறையாகக் காட்டுவது சரியில்லை. நிரலை அகலமாக்குங்கள், இரண்டு வரியாக மடியட்டும், வரிசையின் உயரத்தை எழுத்துக்கு ஏற்றபடி விடுங்கள். ஆங்கிலச் சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் தமிழைத் திணிக்கிறோம். முதலில் தமிழ்ச் சீட்டை வடிவமையுங்கள், அதற்குள் ஆங்கிலம் தாராளமாகக் கொள்ளும். தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகள், யாரும் யாருக்கும் சலுகை செய்யவில்லை.

வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காவது வையுங்கள். சிங்களத்தில் மேலும் கீழும் குறி வரும், இறுக்கினால் வெட்டுப்படும். அட்டவணை வரிசை பக்க முடிவில் இரண்டாகப் பிளக்காமலிருக்க சிஎஸ்எஸ்ஸில் பிரேக்இன்சைட் அவொய்ட் போடுங்கள். தலைப்பு வரிசையைத் தீஹெட் என்ற எச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள் வைத்தால் அடுத்த பக்கத்திலும் தானாக வரும்.

14. கணக்குப்பிள்ளை | சனி, காலை 10.00

மகள், சீட்டுக்குக் கடவுச்சொல் போடுவீர்களா? ஒரு கைத்தொலைபேசியை வீட்டில் மூன்று பேர் பாவிக்கிறார்கள். இன்னொன்று, பிடிஎஃப் எடுக்க வெளிநாட்டு இணையச் சேவைக்குத் தரவை அனுப்புகிற நிறுவனங்களும் இருக்கிறதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஆட்களின் சம்பளம் அப்படி எங்கேயும் போகக்கூடாது.

15. மூன்றாம்மாடி | சனி, காலை 11.20

ஐயா, இவர் தன் சேர்வரிலேயே எடுக்கிறார், தரவு வெளியே போகவில்லை. அப்படி அனுப்புகிறவர்கள் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கடவுச்சொல்லைக் க்ரோம் போடாது. எடுத்த பிறகு க்யூபிடிஎஃப் கொண்டு 256 பிட் குறியாக்கம் செய்யலாம், ஒரு வரிக் கட்டளை. அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்த இலக்கத்தில் பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன, தெரிந்தவர் ஊகித்துவிடுவார், வீட்டில் உள்ளவருக்கு ஊகிக்கவே தேவையில்லை. பணியாளர் தானே தெரிவுசெய்த ஆறு இலக்கம் என்றால் நல்லது. எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனையைக் குறியாக்கத்துக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் சோதனைக்குக் கோப்பு திறக்காது.

16. கடலோரரயில் | 26 ஆம் திகதி, காலை 8.05

ரயிலில் இருந்து எழுதுகிறேன். நேற்றிரவு 1,400 சீட்டும் போய்ச் சேர்ந்தன. ஒரே க்ரோம், நான்கு தாவல், மொத்தம் 7 நிமிடம். ஒன்பது சீட்டைச் சோதனை நிறுத்தி வைத்தது. ஏழில் முகவரிக்குள் பழைய பாமினி எழுத்து மாற்றப்படாமலே கிடந்தது, வெறும் ஆங்கில எழுத்துகளாக. இரண்டில் கொம்பு தனியாக நின்றது. கையால் திருத்தி அனுப்பினேன்.

நிதியத்தின் பெயர் இப்போது இரண்டு வரியில் முழுதாக இருக்கிறது. சிங்கள ஸ்ரீ யை நண்பர் பார்த்துச் சரி என்றார். நீங்கள் சொன்னபடியே இணைப்புக் குறியீட்டை எங்கள் கோட்தான் தின்றிருக்கிறது.

இப்போது கொள்ளுப்பிட்டி தாண்டும்போது சோதனைச் சீட்டை என் கைத்தொலைபேசியில் திறந்து, தேடும் பெட்டியில் ‘கொழும்பு’ என்று அடித்தேன். முகவரி வரியில் மஞ்சள் விழுந்தது. ‘வெள்ளவத்தை’ என்று அடித்தேன், அங்கேயும் விழுந்தது.

ஔகாரத்தைத் திருத்தும் விதியையும் சோதனைக் கோட்டையும் இன்று மாலை இங்கே முழுதாக ஒட்டிவிடுகிறேன். அச்சுக்கூடம் அண்ணா, தடித்த எழுத்துக்கு நோட்டோவின் தனிக் கோப்பை நிறுவ மறந்துவிட்டேன், க்ரோம் தானாகத் தடிப்பாக்கியதில் தலைப்பில் ‘ணை’ கொஞ்சம் அடைத்த மாதிரித் தெரிகிறது. அடுத்த மாதத்துக்கு முன் அதை மாற்ற வேண்டும். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.